பொருந்தாத கணக்கு: மயக்கவியல் துறையில் ஒரு போதை நோய் நிகழ்வாய்வு

இந்த ஆய்வில் வரும் மருத்துவர் ஒரு தனி மனிதர் அல்லர். மயக்கவியல் துறைகளில் ஏறக்குறைய ஒரே வரிசையில் மறுபடி மறுபடி நடந்துவரும் நிகழ்வுகளின் பொதுக் கூறுகளைச் சேர்த்து, எவரையும் அடையாளம் காட்டாதபடி அமைத்த உரு அவர். வெளியான ஆய்வுகளிலிருந்து எடுத்த எண்ணிக்கைகளும் வழக்கு விவரங்களும் புனைவு அல்ல. அவை வரும் இடங்களில் ஆண்டைக் குறித்திருக்கிறேன்.

நிகழ்வு

அவருக்கு வயது 29. முதுநிலை மயக்கவியல் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு. முதலாண்டு மதிப்பீட்டில், துறையின் மிகச் சிறந்த மாணவர்களுள் ஒருவர் என்று எழுதப்பட்டிருந்தது. எப்போதாவது மது அருந்துவார்; வேறு பழக்கம் எதுவும் இல்லை. தந்தை பல ஆண்டுகள் குடிநோயாளியாக இருந்தவர் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. சிகிச்சை மையத்தில்தான் அந்தச் செய்தி முதன்முறையாகத் தாளில் ஏறியது.

ஓர் இரவுப் பணியின் முடிவில்தான் எல்லாம் தொடங்கியது. ஒன்பது மணி நேரம் நீண்ட வயிற்று அறுவை சிகிச்சை அதிகாலையில் முடிந்தபோது சிரிஞ்சில் ஃபென்டனில் என்ற வீரியமிக்க வலி நிவாரணி 1 மில்லிலிட்டர், அதாவது 50 மைக்ரோகிராம், எஞ்சியிருந்தது. எஞ்சிய மருந்தை உடனிருப்பவர் பார்க்கக் கொட்டிவிட்டு, பதிவேட்டில் அவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. செவிலியர் கையெழுத்தை முன்கூட்டியே போட்டுவிட்டு நோயாளியோடு மீட்பறைக்குப் போய்விட்டிருந்தார். தூக்கமில்லாத நாள்கள் தொடர்ந்துகொண்டிருந்தன. முறிந்துபோன ஓர் உறவின் பாரமும் இருந்தது. அன்று அவர் அந்தச் சிரிஞ்சைக் கொட்டவில்லை. ஒரே ஒரு தடவை, அதுவும் தூங்குவதற்காக மட்டுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதாகப் பின்னாளில் சிகிச்சைக் குழுவிடம் கூறினார். அளவு தெரியும், மருந்தின் போக்கு தெரியும், எந்த இடத்தில் மூச்சு நிற்கும் என்பதும் தெரியும். தெரிந்தவனுக்கு ஆபத்தில்லை என்ற அந்த எண்ணம் இல்லாதிருந்தால் முதல் ஊசியே நடந்திருக்காது என்று நான் கருதுகிறேன்.

இரண்டாவது முறை பத்து நாள் கழித்து நடந்தது. மூன்றாவது மாதத்தில் தினமும் என்றானது. ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள் அளவு 1,000 மைக்ரோகிராமைத் தாண்டியது. 1960-இல் பெல்ஜியத்தில் பால் ஜான்சன் உருவாக்கிய ஃபென்டனில், மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம் கொண்டது. விரைவாக ஏறி, விரைவாக இறங்கும். உடலின் தாங்குதிறன் வாரக்கணக்கில் உயர்ந்துகொண்டே போவதால், நேற்றுப் போதுமானதாக இருந்த அளவு இன்று போதாது. குடிநோய் ஒரு மருத்துவரிடம் 20 ஆண்டுகள்கூட வெளிப்படாமல் இருக்கக்கூடும். ஃபென்டனில் பழக்கம் பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்களுக்குள்ளும், அதைவிட வீரியம் மிக்க சூஃபென்டனில் பழக்கம் 1 முதல் 6 மாதங்களுக்குள்ளும் வெளியே தெரிந்துவிடும் என்பது இந்தத் துறையின் நெடுநாள் அனுபவம். அப்படித் தெரியவரும்போது அது ஒரு மரணமாகவும் இருக்கலாம்.

சக ஊழியர்கள் கண்டது என்ன? சோம்பலையோ தள்ளாட்டத்தையோ அல்ல. பிறர் தட்டிக்கழிக்கும் நீண்ட அறுவை சிகிச்சைகளைத் தானே கேட்டு வாங்கினார். இடைவேளைக்கு மாற்றாள் வந்தால் வேண்டாம் என்றார். அதே சமயம் பிறரை இடைவேளைக்கு அனுப்பிவிட்டு அவர்கள் இடத்தில் நிற்க எப்போதும் தயாராக இருந்தார். விடுப்பு நாளிலும் மருத்துவமனையில் தென்பட்டார். மருந்து கிடைக்கும் இடத்தை விட்டுச் சில மணி நேரம் விலகினாலே வியர்வையும் கொட்டாவியும் மூக்கொழுகலும் தொடங்கிவிடும் என்பதை அறியாதவர்கள் அதை உழைப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலாண்டு மதிப்பீட்டில் “அர்ப்பணிப்புக்கு முன்மாதிரி” என்ற சொற்கள் இருக்கின்றன. அவற்றை எழுதியவர் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அரங்கின் குளிருக்காக என்று அவர் சொன்ன முழுக்கைச் சட்டை, அடிக்கடி கழிப்பறைக்குப் போவது, காலையில் எரிச்சலும் நண்பகலில் கலகலப்புமாக மாறும் மனநிலை, குறைந்துகொண்டே வந்த எடை ஆகிய அனைத்துக்கும் தனித்தனியே ஒரு நல்ல விளக்கம் இருந்தது.

முதலில் ஐயப்பட்டவர் மீட்பறைச் செவிலியர். தலைமை மருத்துவர்கள் எவரும் நோயாளி கண் விழிக்கும் நேரத்தில் அருகில் இருப்பதில்லை, அவர் இருந்தார். நோயாளியின் மருந்துப் பட்டியலில் 300 மைக்ரோகிராம் ஃபென்டனில் கொடுத்ததாக எழுதியிருக்கும். நோயாளியோ நினைவு திரும்பும்போதே வலியில் துடிப்பார். மூன்று வாரங்களில் இப்படி 11 பேரைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டு, மூத்த மருத்துவர் ஒருவரிடம், “சார், அவர் அனுப்புற கேஸ் மட்டும் ஏன் இப்படி வலியோட வருது?” என்று கேட்டார். பயிற்சி மாணவர்தானே, பயந்து அளவைக் குறைத்துக் கொடுத்திருப்பார் என்பது பதில். இந்தப் பதிலில் உள்ள முரண் அன்று யாருக்கும் உறைக்கவில்லை. குறைத்துக் கொடுத்திருந்தால் பட்டியலிலும் குறைவாகத்தானே எழுதப்பட்டிருக்கும்? தாளில் 300 இருக்க, உடலில் அது இல்லை என்றால், அந்த மருந்து வேறெங்கோ போயிருக்கிறது.

ஏறக்குறைய அதே நாள்களில் மருந்தகப் பொறுப்பாளரும் தன் கணக்கில் ஒரு பொருத்தமின்மையைக் கண்டார். ஒரே வகை அறுவை சிகிச்சைகளில் சக மாணவர்கள் பயன்படுத்தியதைப் போல் இரு மடங்கு அவர் பெயரில் ஏறியிருந்தது. ரத்தான ஓர் அறுவை சிகிச்சைக்கு இரண்டு ஆம்பூல்கள் எடுக்கப்பட்டிருந்தன. இன்னொன்றில், நோயாளி அரங்கை விட்டு வெளியேறி இருபது நிமிடம் கழித்து மருந்து எடுக்கப்பட்டிருந்தது. துறைக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அது கோப்பில் மூன்று வாரம் கிடந்தது. செவிலியரின் குறிப்பேடும் மருந்தகத்தின் கடிதமும் ஒரே மேசைமேல் வந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் விளங்கியிருக்கும். அவை கடைசி வரை சந்திக்கவில்லை.

கடிதத்தைப் படித்ததும் துறைத்தலைவர் அவரைத் தனியே அழைத்தார். வாரத்தின் கடைசி வேலை நாள், மாலை நேரம். “ஏதாவது பிரச்சினையா தம்பி? கணக்குல ஏதோ வித்தியாசம் வருதுன்னு சொல்றாங்க.” “ஒண்ணும் இல்ல சார். தூக்கம் சரியா இல்ல, எழுதுறதுல தப்பு வந்திருக்கும்.” தலைவர் மறுநாளிலிருந்து இரண்டு நாள் விடுப்பு கொடுத்து, நன்றாகத் தூங்கச் சொல்லி அனுப்பினார். விசாரித்தவருக்கு ஒரு நிம்மதி. விசாரிக்கப்பட்டவருக்கோ, தான் பிடிபட்டுவிட்டோம் என்பது உறுதியாயிற்று.

அன்றிரவு 2 மணிக்குப் பணியறையிலிருந்து தொலைபேசிக்குப் பதில் வராததால் கதவைத் திறந்து பார்த்தார்கள். நிமிடத்துக்கு நான்கு மூச்சு. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண்மணிகள் ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தன. முகமூடியும் பையும் கொண்டு மூச்சு கொடுத்து, ஃபென்டனிலின் விளைவை முறிக்கும் நலோக்சோன் செலுத்தியதும் மூச்சு திரும்பியது. அவரை மூச்சுவிட வைத்தவர்கள் அவரோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள். அது தற்செயலாகக் கூடிய அளவா, உயிரை விடுவதற்கான முடிவா என்று பிறகு கேட்கப்பட்டபோது, அந்த நேரத்தில் தனக்கே அது தெளிவாக இல்லை என்றார்.

இன்னொரு தவறும் நடக்க இருந்தது. காலையில் சிறுநீரில் செய்த வழக்கமான போதைப் பொருள் பரிசோதனை எதிர்மறை என்று வந்தது. சிலர் அதைப் பிடித்துக்கொண்டு, வேறு ஏதோ நோயாக இருக்கலாம் என்று பேசத் தொடங்கினார்கள். மார்ஃபின் வகையைத் தேடும் சாதாரணப் பரிசோதனையில் முழுச் செயற்கை மருந்தான ஃபென்டனில் அகப்படாது என்பது மயக்க மருத்துவர்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. நம்ப விருப்பமில்லாதபோது தெரிந்ததும் மறந்துபோகிறது. ஃபென்டனிலையும் அதன் சிதைபொருளான நார்ஃபென்டனிலையும் குறிவைத்துச் செய்த பரிசோதனை நேர்மறையாக வந்தது. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்வதால், 3 சென்டிமீட்டர் முடி மூன்று மாதக் கதையைச் சொல்லும். சொன்னது.

ஆய்வு

மற்ற வார்டுகளில் மருந்தை எழுதுபவர் ஒருவர், எடுத்துக் கொடுப்பவர் இன்னொருவர், நோயாளிக்குச் செலுத்துபவர் மூன்றாமவர். அறுவை அரங்கில் தேர்ந்தெடுப்பது, சிரிஞ்சில் ஏற்றுவது, செலுத்துவது, செலுத்தியதாக எழுதுவது, எஞ்சியதைக் கழிப்பது ஆகிய ஐந்தும் ஒரே கையில் இருக்கின்றன. அவசரத்தில் உயிர் காக்க அந்த ஏற்பாடு தேவை. அதை மாற்றச் சொல்லவும் முடியாது. ஆகவே சரிபார்ப்பு முழுவதும் அந்தக் கைக்கு வெளியே அமைய வேண்டும். நடைமுறையில் அது ஒரு சாட்சிக் கையெழுத்தாகச் சுருங்கிவிட்டது. கொட்டுவதைப் பார்க்காமல் கையெழுத்திட்டதில்லை என்று சொல்லக்கூடிய மயக்க மருத்துவரை நான் சந்தித்ததில்லை. நானும் அப்படிக் கையெழுத்திட்டிருக்கிறேன். பார்த்தே கையெழுத்திட்டாலும், சிரிஞ்சில் இருப்பது ஃபென்டனிலா உப்பு நீரா என்பதைக் கண் சொல்லாது. எஞ்சிய மருந்தைக் கொட்டாமல் மருந்தகத்துக்குத் திருப்பி அனுப்பி, அவற்றுள் சிலவற்றை முன்னறிவிப்பின்றி திரவத்தில் ஒளி வளையும் அளவைக் கொண்டு அது எது என்று காட்டும் ஒளிவிலகல் மானியில் சோதிக்கும் முறை இதற்காகவே வந்தது. செலவு அதிகமில்லை. தான் கொடுத்த சிரிஞ்சு சோதிக்கப்படலாம் என்று எல்லாருக்கும் தெரிந்திருப்பதே அதன் முதல் பயன்.

எளிதில் மருந்து கிடைப்பது மட்டுமே காரணம் என்றால், கையில் மருந்து இருக்கும் அனைவரும் விழ வேண்டும். அப்படி நடப்பதில்லை. 2005-இல் வெளியான, வாஷிங்டன் மாநிலத்தின் 292 மருத்துவப் பணியாளர்களைத் தொடர்ந்த ஆய்வு, குடும்பத்தில் போதை நோய் இருந்தவர்களிடம் மறுசறுக்கல், அதாவது விட்ட பழக்கத்துக்கு மீண்டும் திரும்புவது, ஏறத்தாழ இரு மடங்குக்கு மேல் நிகழ்ந்ததையும், மனநோயும் வீரியமிக்க ஓபியாய்டு (ஃபென்டனில், மார்ஃபின் போன்ற மருந்து வகை) பழக்கமும் சேர்ந்தால் அது ஏறத்தாழ ஆறு மடங்காவதையும், மூன்றும் ஒருவரிடமே அமைந்தால் 13 மடங்காவதையும் காட்டியது. நோயாளிகள் வெளிவிடும் காற்றில் கலந்த நுண்ணளவு மருந்தே மயக்க மருத்துவர்களின் மூளையைப் பழக்கிவிடுகிறது என்றொரு கருதுகோளும் உண்டு. ஆர்வமூட்டுவதுதான், ஆனால் இந்த நிகழ்வை விளக்க, முன்கூட்டியே போடப்பட்ட ஒரு கையெழுத்தும் ஒருவரும் கேட்காத ஒரு குடும்ப வரலாறும் போதுமானவை.

இது புதிய நோயும் அல்ல. மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்த ஹொரேஸ் வெல்ஸ், குளோரோஃபார்மைத் தன்மீதே சோதித்து அதில் சிக்கி, 1848 ஜனவரியில் நியூயார்க் சிறையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். துறை பிறந்து நான்காண்டுகூட ஆகவில்லை.

அமெரிக்காவில் 1975 முதல் 2009 வரை மயக்கவியல் பயிற்சியில் சேர்ந்த 44,612 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு, 384 பேருக்குப் பயிற்சிக் காலத்திலேயே போதை நோய் இருந்ததைக் கண்டது; அதாவது 1,000 பயிற்சி ஆண்டுகளுக்கு 2.16 பேர். அவர்களுள் 28 பேர் பயிற்சி முடியும் முன்பே அதனால் இறந்தார்கள். இந்த 2.16 என்பதைச் சின்ன எண் என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 30 மாணவர்கள் உள்ள ஒரு துறையில் அந்த விகிதத்தில் ஏறத்தாழ 15 ஆண்டுக்கு ஒருவர். உலகம் முழுவதும் ஒரே வரிசையில் நடக்கும் ஒரு நிகழ்வை ஒவ்வொரு துறையும் தன் முதல் அனுபவமாகவே சந்திக்கிறது. சென்ற முறை கையாண்டவர் ஓய்வு பெற்றிருப்பார். அல்லது அந்தக் கதையைப் பேசுவது அநாகரிகம் என்று மூடிவைத்திருப்பார்கள். இந்நிகழ்வில் துறைத்தலைவர் கெட்டவரும் அல்லர், அறியாதவரும் அல்லர். முதல் தடவை செய்பவர் செய்யும் தவறையே செய்தார்.

அந்தத் தவறைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பிடிபட்ட முதல் 24 மணி நேரத்தில் தற்கொலை அபாயம் உச்சத்தில் இருக்கிறது. வேலை, உரிமம், குடும்பம், பெயர் எல்லாம் ஒரே நொடியில் கண்முன் சரியும் நேரம் அது. சாவதற்கான மருந்தும் அறிவும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. எனவே, ஐயத்தோடு மட்டும் ஒருவரை அழைத்துப் பேசக் கூடாது. ஆவணங்கள் திரட்டப்பட்டு, போதை மருத்துவம் அறிந்த ஒருவர் உட்பட இரண்டு மூன்று பேர் சேர்ந்து, சிகிச்சை மையத்தில் படுக்கை ஏற்பாடு செய்த பிறகே, வார இறுதி அல்லாத நாளில், முற்பகலில் அழைக்க வேண்டும். அழைத்த கணத்திலிருந்து சேர்க்கை முடியும் வரை அவரை ஒரு நிமிடமும் தனியே விடக் கூடாது. கழிப்பறைக்கும், வீட்டுக்குப் போய்த் துணி எடுத்து வருவதற்கும்கூட. கண்டிப்பது போலத் தோன்றும் இந்த ஏற்பாட்டில்தான் பரிவு இருக்கிறது. “நன்றாகத் தூங்குங்கள்” என்று தோளைத் தட்டி அனுப்பியது பரிவு போலத் தோன்றி, ஓர் உயிரை ஏறக்குறையப் பறித்தது.

துறை தன் ஓபியாய்டுக் கணக்கை இறுக்கியபோது, ஊசிவழி மயக்க மருந்தான புரோபஃபால் பூட்டில்லாத தட்டிலேயே இருந்தது. பல துறைகளில் இன்றும் அப்படித்தான். அமெரிக்கப் பயிற்சி மையங்களைக் கேட்டு 2007-இல் வெளியான கணக்கெடுப்பில், முந்தைய பத்தாண்டுகளில் புரோபஃபால் பழக்கத்துக்கு ஆளான 25 பேர் பதிவாகினர். அவர்களுள் 7 பேர் இறந்திருந்தனர். 71 விழுக்காடு மையங்களில் அந்த மருந்துக்குக் கணக்கே இல்லை. இன்பம் தரும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடையே இந்த மருந்தில் இடைவெளி மிகக் குறுகியது. சில நிமிடங்களில் தெளிந்துவிடுவதால் இரண்டு அறுவை சிகிச்சைகளுக்கு நடுவில் எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பவும் முடியும்.

நோயாளிகளைப் பற்றி இதுவரை குறைவாகவே சொல்லியிருக்கிறேன். துறையிலும் அவர்களைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வந்தது. ஸ்பெயினின் வலென்சியாவில் ஒரு மயக்க மருத்துவர், நோயாளிகளுக்குரிய ஓபியாய்டைத் தனக்குச் செலுத்திக்கொண்ட அதே சிரிஞ்சுகளை அவர்களுக்கும் பயன்படுத்தியதால், 275 பேருக்கு ஹெப்படைட்டிஸ் சி தொற்றியது. வைரஸின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு யாருக்கு அவரிடமிருந்து வந்தது, யாருக்கு வேறிடத்திலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டிய பிறகு, 2007-இல் அவருக்கு 1,933 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நம் மருத்துவருக்கு ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்ஐவி மூன்றும் இல்லை என்பது பரிசோதனையில் தெரிந்ததும் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அதோடு பேச்சு முடிந்துவிட்டிருக்கும், மீட்பறைச் செவிலியர் தன் குறிப்பேட்டைக் கொண்டுவராதிருந்தால். வலி நிவாரணி இல்லாமல், நாடித்துடிப்பை அடக்கும் மருந்தாலும் மயக்க வாயுவாலும் அறிகுறிகள் மட்டும் மறைக்கப்பட்டு, அறுவை முடித்து எழுந்த 11 பேர் அதில் இருந்தார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டுமா? தொற்று இல்லை, நிரந்தரப் பாதிப்பு இல்லை, ஏன் கலவரப்படுத்த வேண்டும் என்றது ஒரு தரப்பு. அவர்கள் அனுபவித்த வலிக்குக் காரணம் இருக்கிறது, அதை அறியும் உரிமையும் அவர்களுக்கு இருக்கிறது என்றது மற்றொன்று. நான் இரண்டாம் தரப்பு. தனக்கு மட்டும் வலி ஏன் அவ்வளவு கடுமையாக இருந்தது என்று அடுத்த அறுவை சிகிச்சையை எண்ணி அஞ்சிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, அது உங்கள் உடலின் குறை அல்ல என்று சொல்வது கலவரப்படுத்துவது ஆகாது. கடிதங்கள் அனுப்பப்பட்டன.

சிகிச்சையும் திரும்புதலும்

90 நாள் உள்நோயாளிச் சிகிச்சைக்குப் பின், ஐந்தாண்டுக் கண்காணிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மருத்துவர்களின் போதை நோய் பொதுவாக நம்பிக்கை தரும் நோய்: 904 மருத்துவர்களை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான ஆய்வில் 78 விழுக்காட்டினருக்கு ஒரு பரிசோதனைகூட நேர்மறையாக வரவில்லை. சிக்கல் அரங்குக்குத் திரும்புவதில்தான். 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், ஊசிவழி ஓபியாய்டுக்கு ஆளாகி மயக்கவியல் பயிற்சிக்கே திரும்பியவர்களுள் 34 விழுக்காட்டினரே வெற்றி பெற்றனர். மறுசறுக்கலின் முதல் அறிகுறியே மரணமாக இருந்தவர்கள், அப்படித் திரும்பிய 79 பேரில் 13 பேர். விலகியிருந்த காலத்தில் தாங்குதிறன் கரைந்துவிடும்; கை மட்டும் பழைய அளவை நினைவில் வைத்திருக்கும். மறுபுறம், 2011-இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், ஓபியாய்டின் விளைவைத் தடுக்கும் நால்ட்ரெக்சோனைக் கட்டாயமாக எடுத்துக்கொண்ட 11 மயக்க மருத்துவர்களில் ஒருவரே சறுக்கினார். எடுக்காத 11 பேரில் 8 பேர் சறுக்கினர். ஒருமுறை விழுந்தால் இந்தத் துறைக்குத் திரும்பவே கூடாது என்ற கட்சியும், ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்ற கட்சியும் இந்த எண்களையே எடுத்துக்கொண்டு வாதாடுகின்றன. பயிற்சி முடித்துப் பல்லாண்டு அனுபவமும் நிலையான குடும்பமும் உள்ளவருக்கு, நால்ட்ரெக்சோனோடு இரண்டாம் வாய்ப்புக் கொடுப்பதை நான் எதிர்க்க மாட்டேன். வேர்பிடிக்காத இரண்டாம் ஆண்டு மாணவரை, குடும்ப வரலாறும் மனச்சோர்வும் சேர்ந்திருக்கும்போது, தினமும் நூறு மைக்ரோகிராம் ஆம்பூல்களை உடைக்கும் வேலைக்குத் திருப்பி அனுப்புவதை எதிர்ப்பேன்.

முடிவை அவரே எடுத்தார். பொது மருத்துவத்துக்கு மாறினார். துறைத்தலைவர் எழுதிய பரிந்துரைக் கடிதத்தில் நோயும் சிகிச்சையும் மறைக்கப்படவில்லை. அது அவர் கேட்டுக்கொண்டபடி. அறுவை அரங்கு இருக்கும் தளத்துக்கு அவர் போவதில்லை. ஒவ்வொரு காலையும் ஒரு தானியங்கித் தொலைபேசி எண்ணை அழைத்து, அன்று தன் முறையா என்று கேட்கிறார். முறை என்றால் மாலைக்குள் சிறுநீர் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. முடிந்த பிறகும் அந்த எண்ணை அழைக்க அனுமதி உண்டா என்று சென்ற மாதம் கண்காணிப்புக் குழுவிடம் கேட்டிருக்கிறார்.